மற்போரும் மனப்போரும்

கம்பு பயின்றவன் கண்ணியவான் ஆவானா, கலகக்காரன் ஆவானா என்னும் கேள்வி நம் தோட்டங்களில் நெடுநாளாக உலவி வருகிறது. திருவிழாக் காலத்தில் சிலம்பம் ஆடுவோரைக் கண்டு கைதட்டி மகிழும் பெற்றோரே, தம் மகன் அக்கம்பைக் கையில் எடுக்கும்பொழுது முகஞ்சுளிக்கின்றனர். மற்றொரு சாரார் மேடைதோறும் ஏறி, வாலிபர்க்குச் சிலம்பம் கற்பித்துவிட்டால் குடியும் சூதும் கைகலப்பும் தாமே ஓடி ஒளியும் என்று முழங்குகின்றனர். இவ்விரு சாராரும் கம்பை ஒரு மந்திரக்கோலாகவே கருதுகின்றனர். ஒருவர்க்கு அது கெடுக்கும் கோல்; மற்றவர்க்கு அது திருத்தும் கோல். அக்கோலைப் பிடித்திருக்கும் மனிதனைப் பற்றி இருவரும் கேட்பதில்லை.

நெகிரி செம்பிலானில் தோட்டக் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம், பள்ளியில் ஆங்கில மொழியிலேயே பயின்றவர். தமிழ் நூல்களை முப்பது வயதை ஒட்டியே முறையாகத் திறந்தோம். சிலம்பக் கம்பையும் ஏறத்தாழ அக்காலத்தில்தான் தொட்டோம். இரண்டிலும் நாம் பிந்தி வந்த மாணாக்கர். ஆதலின் ஈண்டு எழுதுவதைப் புலமைத் தீர்ப்பாக நேயர்கள் கொள்ளவேண்டா. பகலெல்லாம் பேரேட்டையும், மாலையில் கம்பையும், இரவில் புறநானூற்றையும் புரட்டிய ஒருவர் கண்டதைக் கண்டவாறு எடுத்துவைக்கும் முயற்சி என்று கொள்க.

ஆறு பாடல்கள்

1894-இல் உ. வே. சாமிநாதையர் பழைய உரையுடன் பதிப்பித்து வெளியிட்ட புறநானூற்றில், 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களும் ஒரே வீரனைப் பற்றியவை. அவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. முதல் மூன்றைச் சாத்தந்தையார் பாடினார். பின் மூன்றைப் பெருங்கோழி நாயகன் மகள் நக்கண்ணையார் பாடினார். போரவை என்பது போர் பயிலும் அவை என்பாரும் உளர். போர்வை என்னும் ஊரின் பெயரே அது என்பாரும் உளர். எவ்வாறாயினும், படையும் தேரும் யானையும் மோதும் பெரும்போரை விடுத்து, இரண்டு மனிதர் வெறுங்கையுடன் மோதும் மற்போரையே ஒரு தொகுதியாகப் பாடிய இடம் சங்க நூல்களுள் இஃது ஒன்று. தமிழரின் தற்காப்புக் கலையைப் பற்றிப் பேசுவோர் முதலில் திறக்கவேண்டிய ஏடு இதுவே என்பது நம் கருத்து. ஆயினும், நாம் கேட்ட மேடைப் பேச்சுக்களில் இவ்வாறு பாடல்களும் இடம்பெற்றதில்லை. படை நடத்திய வேந்தர்களின் புகழே அங்கே மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது.

இப்பாடல்களின் களம் முக்காவல் நாட்டு ஆமூர். அவ்வூரை அறிமுகப்படுத்தும்போது புலவர் அதன் வயலையோ கோயிலையோ சொல்லவில்லை. இனிப்பும் கடுப்பும் உடைய அதன் கள்ளைச் சொல்லுகிறார். கள்ளுக்கடைக்கும் கம்பு விளையாட்டுக்கும் இடையே வளர்ந்த தோட்டத் தமிழராகிய நமக்கு, இவ்வூர் அயலூராகத் தோன்றவில்லை.

தந்தையின் கண்

எண்பதாம் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஆமூர் மல்லன் வலிமை மிக்கவன். கிள்ளி ஒரு காலை அவன் மார்பில் ஊன்றுகிறான். மற்றொரு காலால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து, அதனை அவன் முதுகுப்புறம் வளைக்கிறான். பசியுற்ற யானை மூங்கிலைத் தின்ன முயலும்போது அதனை வளைத்து முறிப்பதுபோல, மல்லனின் தலையும் காலும் ஒருங்கே ஒடியுமாறு மோதி வெல்லுகிறான். இரண்டு கால்களின் வேலையையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் இவ்வருணனை, களத்தின் ஓரத்தில் நின்று பிடிமுறைகளை அறிந்து பார்த்தவரின் வருணனை. புலவர்க்குக் கலை தெரிந்திருக்கிறது.

ஆனால் பாட்டின் உயிர்நிலை அப்பிடியில் இல்லை. நடுவே வரும் ஒரு விருப்பத்தில் இருக்கிறது. உறையூரை ஆண்ட தித்தன் இதனை உவந்தாலும் சரி, உவவாவிட்டாலும் சரி, இக்காட்சியை அவன் காணவேண்டும் என்று புலவர் ஏங்குகிறார். தித்தனைக் கிள்ளியின் தந்தை என்றும், இருவர்க்கும் மனவேறுபாடு இருந்தது என்றும் உரைமரபு கொள்ளும். அரசகுமரன் ஒருவன், தந்தையுடன் பகைத்துப் பிரிந்து, அயலூரில் வந்து நின்று, ஒரு மல்லனைப் புரட்டுகிறான். ஊரே பார்க்கிறது. பார்க்கவேண்டிய ஒருவர் மட்டும் அங்கே இல்லை.

இவ்விடத்தைப் படித்தபோது நாம் நூலைச் சற்று மூடி வைத்தோம். சிலம்பக் களத்துக்கு வரும் இளைஞரிற் பலர் யாருக்காக வருகின்றனர் என்பதை நாம் அறிவோம். தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொன்ன தந்தைக்காக ஒருவன் வருகிறான். தன்னை ஏளனம் செய்த வகுப்புத் தோழனுக்காக மற்றொருவன் வருகிறான். நாமே யாருக்காகச் சென்றோம்? கிராணி என்றால் நாற்காலியில் அமர்ந்து பேனா ஓட்டுபவன், வெயிலில் நின்றால் மயங்கி விழுவான் என்னும் பேச்சைப் பொய்யாக்கச் சென்றோம். ஆக, எதிரே நிற்பவனுடன் பொருதபோதெல்லாம் அங்கே இல்லாத ஒருவருடன்தான் நாமும் பொருதுகொண்டிருந்தோம். சாத்தந்தையார் இவ்வுண்மையை நெடுங்காலத்துக்கு முன்னரே ஒரே விருப்பத்தில் வைத்துச் சென்றிருக்கிறார்.

அடுத்த பாட்டு இன்னும் சிறியது. ஆரவாரம் கடலினும் பெரிது என்கிறார். களிற்றின் முழக்கம் கார்கால இடிபோல் ஓயவில்லை என்கிறார். இவ்வளவு பேரோசைக்கு நடுவே திடீரென்று ஒரு வினா எழுகிறது. இவன் கையில் அகப்பட்டவர் யாரோ, இரங்கத்தக்கவர் அவர் என்கிறார். வென்றவனின் புகழைப் பாட வந்தவர் தோற்றவனுக்காக இரங்குகிறார். அவ்விரக்கமும் வென்றவனின் வலிமையை உயர்த்திக் காட்டும் உத்தியே என்று சிலர் கூறலாம். உண்மைதான். ஆயினும், இரக்கத்தைக் கொண்டு வலிமையை அளந்த புலவர், ஏளனத்தைக் கொண்டு அளக்கவில்லை என்பதை மறத்தல் ஆகாது. தோற்றவன் எழுந்து தூசி தட்டுமுன்னரே சீழ்க்கை அடிக்கும் இக்காலப் பந்தயக் கூட்டங்களில் நின்றவர்க்கு இவ்வேற்றுமை விளங்கும்.

ஊசியும் உளியும்

சாத்தந்தையாரின் மூன்றாம் பாட்டே இத்தொகுதியின் முடிமணி என்று துணிந்து கூறுவோம். ஊரைக் கைக்கொள்ள வந்த மல்லனுடன் கிள்ளி செய்த போர் எத்துணை விரைவானது என்பதைச் சொல்லப் புலவர் புலியையோ புயலையோ அழைக்கவில்லை. கட்டிலுக்கு வார் பின்னும் ஏழைத் தொழிலாளி ஒருவனை அழைக்கிறார். ஊரில் விழாத் தொடங்கிவிட்டது. அவன் அங்கே போகவேண்டும். வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி, அங்கேயும் போகவேண்டும். மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. கையிலுள்ள கட்டிலோ முடிந்தபாடில்லை. அந்த மனிதன் கையில் வாரைக் கோத்து ஓடும் ஊசி எவ்வளவு விரையும், அவ்வளவு விரைந்தது அரசகுமரனின் போர் என்கிறார்.

இவ்வுவமையின் நயத்தை விரைவு என்ற ஒரு சொல்லில் அடைத்துவிட்டு மேற்செல்வது வழக்கம். நமக்கு அது போதவில்லை. பதறிய கை விரையும், ஆனால் பிழைக்கும். இத்தொழிலாளியின் மனம் மூன்று திசைகளில் இழுபடுகிறது. ஊசி மட்டும் தடம் மாறவில்லை. மனம் அலைந்தபோதும் கை அலையாமல் நிற்கும் நிலைக்குத்தான் பயிற்சி என்று பெயர். பல்லாண்டு செய்த ஒரே செயல், உடம்பின் ஓர் உறுப்பைப் போல் ஆகிவிடுகிறது. மல்லனிடத்தில் இதனைக் காணுமுன் புலவர் கட்டில் பின்னுவோனிடத்தில் கண்டிருக்கிறார். கண்டதோடு நில்லாமல், அரசன் மகனுக்கு அவனையே அளவுகோலாகவும் வைத்தார்.

இதனைப் படிக்கும் தோட்டத் தமிழர் ஒவ்வொருவர்க்கும் தம் தாயின் கையோ பாட்டியின் கையோ நினைவுக்கு வராமற் போகாது. இன்று நெகிரி செம்பிலானின் பெரும்பாலான தோட்டங்களில் செம்பனையே நிற்கிறது. ஆயினும் நம் முன்னோரின் வாழ்வு பால்மரத்தின் அடியில் கழிந்தது. விடியுமுன், மரத்தில் பால் நன்கு ஊறியிருக்கும் குளிர்ந்த வேளையில், உளியைக் கொண்டு பட்டையைச் சீவவேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தூரம் வரை உளி போகலாம். போதாமல் நின்றால் பால் குறையும்; மீறிச் சென்றால் மரம் காயப்பட்டு, புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகும். மழை இருட்டிக்கொண்டு வருகிறது. ஆயக்கொட்டகையில் விட்டுவந்த குழந்தைக்குக் காய்ச்சல். பின்னால் மண்டோர் நிற்கிறார். இன்னும் பாதி நிரை பாக்கி. இந்நிலையிலும் அந்த ஒரு மில்லிமீட்டரைக் காத்த கைகள் நம் குடும்பங்களில் இருந்தன. 1890-களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ரிட்லி என்பார், மரத்தைக் கொல்லாமல் ஒரே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்து பாலெடுக்கும் முறையை வகுத்தார் என்று பாடநூல்கள் புகழும். அம்முறையை இலட்சோபலட்சம் மரங்களில் நாள்தோறும் உயிர்ப்பித்த மணிக்கட்டுகளை எந்தப் பாடநூலும் புகழ்ந்ததில்லை.

ஈண்டு ஒரு குறையையும் சொல்லியாகவேண்டும். அத்தொழிலாளியைக் குறிக்கச் சாத்தந்தையார் ஆண்ட சொல், இழிந்தவன் என்னும் பொருளது. கையைப் போற்றினார், கைக்குரியவனைத் தாழ்த்தினார். அக்காலத்து வழக்கு அஃது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. புலவரின் கண் உண்மையைக் கண்டது. அவர் நா ஊரார் வழங்கியதைச் சொன்னது. கண்ணுக்கும் நாவுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியே, சாதி என்னும் பொய் குடியிருக்கும் வீடு. பாட்டின் அழகை ஏற்று அச்சொல்லின் அழுக்கையும் சுட்டிக் காட்டுவதே அப்புலவர்க்கு நாம் செய்யும் நேர்மையான மரியாதை.

பனைமரத்தடியில்

நக்கண்ணையார் பாடல்களில் காட்சி மாறுகிறது. முதற்பாட்டில் அப்பெண் தாய்க்கு அஞ்சுகிறாள், அவையோர்க்கு நாணுகிறாள், தன்னைப்போல் இவ்வூரும் இரண்டுபட்டு மயங்கட்டும் என்கிறாள். அடுத்த பாட்டில் ஒரு செய்தி கிடைக்கிறது. அவ்வீரன் உண்பது வெறுங்கூழ். ஆயினும் அவன் தோள் பெரிது. இதனைப் படித்த பின்னரும், விலையுயர்ந்த சத்துமாவு இல்லாமல் உடம்பு தேறாது என்று கூறும் விளம்பரங்களை நம்புவோர் நம்பட்டும்.

மூன்றாம் பாட்டே நம்மைப் பெரிதும் ஈர்த்தது. வெற்றி அவனது என்று ஊரில் சிலர் சொல்லுகின்றனர். அன்று என்று சிலர் சொல்லுகின்றனர். அவள் இரு சாராரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சிலம்பு ஒலிக்க ஓடிச்சென்று, பனைமரத்தில் சாய்ந்து நின்று, தன் கண்ணாலேயே அவன் வெற்றியைக் கண்டாள். ஊர்ப்பேச்சை நம்பாமல் நேரிற் சென்று கண்டு தெளிந்த பெண்ணின் குரல் இது. இன்று நம் பயிற்சிக் களங்களில் பெண்மக்களும் கம்பேந்தி நிற்கின்றனர். பனைமரத்தடியில் நின்று பார்த்தவளின் பேத்தியர் களத்துக்குள்ளேயே வந்துவிட்டனர் என்று நாம் மகிழ்கிறோம்.

பாடாத ஒன்று

நிற்க. இவ்வாறு பாடல்களையும் மீண்டும் ஒருமுறை வரிசையாக நோக்குவோம். முதற்பாட்டில் தந்தை காணவேண்டும். இரண்டாவதில் தோற்றவரைப் புலவர் காண்கிறார். மூன்றாவதில் தொழிலாளியின் கையைக் காண்கிறார். இறுதியில் காதலி காண்கிறாள். எல்லாரும் காண்கின்றனர். கிள்ளி மட்டும் ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் தன்னைப் பற்றி என்ன கண்டான்? மல்லனை முறித்த பின்னர் அவன் நெஞ்சில் என்ன எழுந்தது? தந்தை வந்து பார்த்திருந்தால் அவன் பகை தீர்ந்திருக்குமா? இவ்வாறு பாடல்களில் இவற்றுக்கு விடையில்லை. அவனுக்குக் கற்பித்த ஆசான் யார், எத்தனை நாள் வீழ்ந்து வீழ்ந்து எழுந்தான் என்பனவும் இல்லை. இப்பாடல்கள் கலையின் பயனைக் காட்டுகின்றன. கலை கற்கும் வழியைக் காட்டவில்லை.

அவ்வெற்றிடத்தை வேறிடத்தில் வள்ளுவர் நிரப்புகிறார். படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் வீரத்தை வானளாவப் புகழும் அவரே, அங்கும் துன்புற்ற பகைவனுக்கு உதவுவதை வீரத்தின் கூர்மையாக வைக்கிறார். வெகுளாமை அதிகாரத்திலோ, தன் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அடங்குபவனையே சினங்காத்தவன் என்கிறார். துரைக்கு முன் அடங்குவது பொறுமையாகாது, அஃது அச்சம். நம் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்ல இயலாதவன் முன் அடங்குவதே அடக்கம். இதனை நாம் ஏட்டில் படித்தபோது எளிதாயிருந்தது. களத்தில் படித்தபோது அவ்வளவு எளிதாயில்லை.

வில் பயின்ற தத்துவ ஆசிரியர்

தற்காப்புக் கலையால் மனம் பண்படும் என்பதற்கு மேனாட்டார் பெரிதும் எடுத்துக்காட்டும் நூல் ஒன்று உண்டு. ஆய்கன் ஹெரிகல் என்னும் ஜெர்மானியத் தத்துவ ஆசிரியர், 1924 முதல் 1929 வரை ஜப்பானின் செண்டாய் நகரத்தில் கற்பித்தபோது, ஆவா கென்சோ என்பாரிடம் வில் பயின்றார். அவ்வனுபவத்தை 1948-இல் நூலாக வெளியிட்டார். 1953-இல் அஃது ஆங்கிலத்தில் வந்தது. வில்லை இழுப்பவன் தான் என்னும் எண்ணத்தை விட்டு நீங்கவேண்டும்; அம்பு தானே விடுபடவேண்டும்; அதுவே ஜென் நெறி என்பது நூலின் சாரம். நாம் கல்லூரி வாயிலை விட்டு வந்த புதிதில் இந்நூலை வேதம்போல் போற்றினோம். நடை அத்துணைத் தெளிவு. ஆசானின் பொறுமையை அவர் தீட்டிய பக்கங்கள் இன்றும் இனிக்கின்றன.

ஆயினும், பின்னர் அறிந்த செய்திகள் நம் போற்றுதலை நிறுத்தி யோசிக்கவைத்தன. 2001-இல் யமதா ஷோஜி என்னும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர், ஆவா கென்சோ ஜென் நெறியில் பயின்றவரல்லர் என்றும், மொழி தெரியாத மாணாக்கர்க்கும் ஆசானுக்கும் இடையே பொருள் பிறழ்ந்திருக்க இடமுண்டு என்றும் சான்று காட்டி எழுதினார். அதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. தான் என்பதைத் துறக்கக் கற்றதாக எழுதிய அவ்வாசிரியர், 1937-இல் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்தார்; அவ்வாட்சியிலேயே எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியும் பெற்றார். வில் அவர் மூச்சை ஒழுங்குபடுத்தியது; தோளைத் தளர்த்தியது; மனச்சான்றை எழுப்பவில்லை.

இதனைக் கொண்டு வில் பொய் என்று நாம் சொல்லவில்லை. பயிற்சியால் பெறும் அமைதியும் நீதியால் பெறும் அமைதியும் வேறு வேறு என்கிறோம். அமைதியான கையைக் கொண்டு அநீதியும் செய்யலாம். நம் மேடைப் பேச்சாளர் இவ்வுண்மையை எண்ணிப் பார்ப்பாராக.

பொடி பட்ட சட்டை

இனி நம் கதைக்கு வருவோம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எனினும் விமரிசனம் எழுதுவோன் பிறரைத் துலாக்கோலில் ஏற்றிவிட்டுத் தான் இறங்கி நிற்றல் முறையன்று.

எங்கள் தோட்டத்தின் பழைய பெரட்டுக் களத்தில், ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் மாலைதோறும் சிலம்பம் கற்பித்து வந்தார். பகலில் எங்கே கண்டாலும் அவர் நம்மைக் ‘கிராணி ஐயா’ என்பார். களத்துக்குள் கால் வைத்ததும் ‘தம்பி’ என்பார். அம்மாற்றத்தை ஏற்கவே நமக்குச் சில வாரங்கள் பிடித்தன. முதல் மாதங்களில் கம்பே தரவில்லை, காலடி மட்டுமே. பின்னர் நெற்றி உயரம் வரும் பிரம்பு ஒன்றைத் தந்தார். ஓராண்டு சென்றபின், சுற்று வீச்சில் காற்று இரைவதைக் கேட்டு நாமே நம்மை வியக்கத் தொடங்கினோம்.

அக்காலத்தில் ஒருநாள் காலை, பெரட்டில் இளைஞன் ஒருவன் எழுந்து, முதல்நாள் தான் வெட்டிய செம்பனைக் குலைகளில் பன்னிரண்டு கணக்கில் வரவில்லை என்றான். பணிவாகத்தான் கேட்டான். நாமோ, பேரேட்டைப் பார்க்காமலே, நாம் எழுதியதுதான் கணக்கு, இங்கே சிலம்பம் ஆடாதே என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னோம். கூட்டம் சிரித்தது. அவன் தலை குனிந்து சென்றான். பகல் உணவுக்குப்பின் ஏட்டைப் புரட்டியபோது, பன்னிரண்டு குலைகளும் வேறொருவன் பெயரில் ஏறியிருக்கக் கண்டோம். எழுதியது நம் கை. மறுநாள் ஓசைப்படாமல் திருத்திவிட்டாற் போயிற்று, யாருக்குத் தெரியும் என்று எண்ணினோம். அவ்வெண்ணமே முதற்பிழையினும் கொடியது என்று அப்போது தோன்றவில்லை.

அன்று மாலை வாத்தியார் தொடுமுறை ஆட்டம் வைத்தார். கம்பின் நுனியில் பொடி தடவி ஆடுவது. உடம்பில் எங்கே பட்டதோ அங்கே அடையாளம் விழும். நாம் சீறிச் சீறி வீசினோம். அவர் பெரிதாக அசைந்ததாகவே தெரியவில்லை. முடிவில் நம் சட்டையில் ஏழு இடங்களில் பொடி இருந்தது. அவர் சட்டையில் ஒன்றுமில்லை. நாம் காரணம் சொல்லத் தொடங்கினோம்: வெளிச்சம் போதவில்லை, கம்பு வழுக்கியது என்று. அவர் கேட்டுவிட்டு, ‘தம்பி, முதலில் சட்டையைப் பார். பேச்சு அப்புறம்’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காலையில் நடந்தது அவர்க்குத் தெரியுமா என்பதை நாம் இன்றுவரை கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி விளக்கின் கீழ் விரித்தோம். ஏழு பொட்டுகளில் ஐந்து ஒரே இடத்தைச் சுற்றி இருந்தன. ஓங்கி வீசும்பொழுதெல்லாம் நாம் வலப்பக்க விலாவைத் திறந்துவிடுகிறோம். பிறரை அடிக்க முனையும் கணமே நாம் காவலற்றிருக்கும் கணம். காலையில் அவ்விளைஞனை நோக்கி ஓங்கிய சொல்லும் அவ்வகையினதே. ஏட்டைப் பார்க்கும் காவல் இல்லாமலே ஓங்கினோம். ஆனால் அங்கே பொடி இல்லை, அடையாளம் விழவில்லை, ஆதலின் மறைத்துவிடலாம் என்று துணிந்தோம்.

மறுநாள் பெரட்டில், அதே கூட்டத்தின் முன்னிலையில், பிழை நம்முடையது என்று சொல்லி, அவ்விளைஞனிடம் மன்னிப்புக் கேட்டோம். சொல்லுமுன் நா உலர்ந்தது. சொன்னபின்னரும் கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அதனால் எல்லாம் இனிதே முடிந்தது என்று நேயர்கள் கருதவேண்டா. அவன் நம்மிடம் இன்றும் அளந்துதான் பேசுகிறான். அது நியாயமே.

இந்நிகழ்ச்சியில் கம்பு செய்தது யாது? அது நம்மைத் திருத்தவில்லை. திறந்திருந்த இடத்தைக் காட்டியது, அவ்வளவே. இரவில் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு நாம் உறங்கியும் இருக்கலாம், பொடி போயிருக்கும். காட்டியது கலையின் வேலை. மூடியது நம் வேலை. முகம் கழுவ வேண்டுமென்று கண்ணாடி காட்டும், கழுவுவது கை.

முடிபு

ஆகவே, நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு நம் விடை இது. சிலம்பம் ஒருவனைக் கண்ணியவான் ஆக்காது, கலகக்காரனும் ஆக்காது. தன்னைப் பார்க்க விரும்புவோனுக்கு அது பார்க்க இடம் தரும். பிறர் பார்க்கவேண்டும் என்று மட்டும் வருவோனுக்கு, கிள்ளியைப்போல், எல்லாரும் பார்த்தும் பார்க்கவேண்டியவர் பாராத ஒரு வெற்றியைத் தரும்.

தோட்டங்களின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1946, 1947 ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை, அணிவகுப்பும் உடற்பயிற்சியும் கொண்டு தொழிலாளரைத் திரட்டிக் கள்ளுக்கடைகளை எதிர்த்தது. அங்கே உடற்பயிற்சி ஒரு நீதிக்குக் கைகொடுத்தது. நீதி வேறிடத்திலிருந்து வந்தது. பயிற்சி அதற்கு முதுகெலும்பு தந்தது. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, முதுகெலும்பு இருந்தால் நீதி தானே வந்துவிடும் என்று எண்ணினால், ஹெரிகலின் கதையே நம் கதையாகும்.

இந்த நெகிரி செம்பிலானில் மினாங்கபாவ் மரபினர் போற்றிவரும் சீலாட் கலையை, மலேசியாவின் பெயரால் 2019-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அண்டை வீட்டார் தம் கலையைக் காத்த சிரத்தையைக் கண்டு நாம் பொறாமைப்படவேண்டியதில்லை, கற்கவேண்டும். நம் கலைக்கும் ஏடு உண்டு, களம் உண்டு, கற்பிக்கும் முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், களங்கள் சிரம்பானின் பள்ளித் திடல்களுக்கும் மண்டபங்களுக்கும் மாறியிருக்கலாம். இடம் மாறினால் குற்றமில்லை. சிலம்பம் கற்பிக்கும் அன்பர்களை நாம் வேண்டுவது ஒன்றே. போட்டிக்கு வேண்டிய சுற்றும் வீச்சும் கற்பித்தபின், ஒரு மாலையேனும் புறநானூற்றின் இவ்வாறு பாடல்களை மாணாக்கரோடு இருந்து படியுங்கள். கட்டில் பின்னியவனின் ஊசியைப் பற்றிப் பேசும்போது, அவரவர் வீட்டில் உளி பிடித்தவர், அரிவாள் பிடித்தவர் யாவர் என்று கேளுங்கள். இழிந்தவன் என்னும் சொல் வரும்போது நிறுத்தி, அச்சொல் ஏன் பிழையென்று அவர்களையே சொல்லச் செய்யுங்கள். பின்னர்க் கம்பின் நுனியில் பொடியைத் தடவிக் களத்தில் இறக்குங்கள்.

ஆட்டம் முடிந்ததும் யார் வென்றார் என்று கேட்பதற்கு முன், ஒவ்வொருவரும் தத்தம் சட்டையைப் பார்க்கட்டும்.